பாட்டு இருக்கிறது, குரலைக் காணோம்

இலங்கை வானொலி பற்றிப் பேச்செடுத்தால் நம் வயதுக்காரர்கள் முதலில் பாட்டைச் சொல்வார்கள். அடுத்த நிமிடமே அறிவிப்பாளர் பெயருக்கு வந்துவிடுவார்கள். அந்தப் பாட்டுகளெல்லாம் இன்று கைப்பேசியைத் தட்டினால் கிடைக்கின்றன. நடுவே பேசிய குரல்தான் அரிதாகிவிட்டது.

கொழும்பில் வானொலி தொடங்கியது 1925 டிசம்பரில். 1950-இல் வர்த்தக சேவை வந்தது. 1952-இல் நம் நாட்டில் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கருக்குச் சாஸ்திரீய சங்கீதம்தான் சங்கீதம். அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அருகிப்போனது. விவித் பாரதி பிறந்தது 1957 அக்டோபரில்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் பாட்டுக்கு ஏங்கியவர்கள் கொழும்புப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். அக்கரைதானே! நம் தென்கடலோர ஊர்களில் உள்ளூர் நிலையம் போலவே கேட்டது.

விவித் பாரதி வந்த பிறகும் பலர் வீட்டில் அந்த முள் நகரவில்லை. காரணம் அறிவிப்பாளர்கள். வர்த்தக சேவையின் தொடக்க காலத்தில் எஸ்.பி.மயில்வாகனன். 'பொங்கும் பூம்புனல்' என்ற பெயரைச் சொன்னாலே காலை வேளையும் அவர் நினைவும் சேர்ந்து வரும். 'திரை விருந்து' தந்த கே.எஸ்.ராஜா, கேட்பவருக்கு மூச்சு முட்டும் வேகத்தில், ஓர் எழுத்தும் பிசகாமல் பேசுவார். பி.எச்.அப்துல் ஹமீதின் உச்சரிப்பைக் கேட்டு லகர, ளகர, ழகரம் திருத்திக்கொண்டவர்கள் உண்டு. அவருடைய 'பாட்டுக்குப் பாட்டு' பின்னாளில் தொலைக்காட்சிக்கும் போனது. ராஜேஸ்வரி சண்முகம் அறிவிப்பிலும் வானொலி நாடகத்திலும் மிளிர்ந்தவர். ராஜா 1994-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். ராஜேஸ்வரி அம்மையார் 2012-இல் மறைந்தார்.

இவர்கள் குரல் ஏன் அதிகம் மிஞ்சவில்லை? பாட்டு இசைத்தட்டில் இருந்தது. ஒரு தட்டு போனால் இன்னொன்று. அறிவிப்போ பெரும்பாலும் நேரடியாகப் பேசியது, காற்றோடு போயிற்று. ஒலிநாடா விலை கூடிய பொருள் என்பதால், ஒருமுறை பதிந்ததை அழித்து மறுபடி பயன்படுத்துவது அந்தக் காலத்தில் உலகெங்கும் பல வானொலி நிலையங்களின் வழக்கம்.

பிறகு டேப் ரிக்கார்டர் வீட்டுக்கு வந்தது. அதிலும் ஒரு வேடிக்கை. வானொலியிலிருந்து பாட்டைப் பதிந்தவர்கள், அறிவிப்பாளர் வாயைத் திறந்ததும் பாஸ் பட்டனை அழுத்தினார்கள். பாட்டு சுத்தமாக வேண்டுமாம்! பட்டனை அழுத்த மறந்தவர்களின் கேசட்டில்தான் அந்தக் குரல்கள் இன்றும் இருக்கின்றன. அன்றைக்குக் கெட்டுப்போன பதிவு என்று ஒதுக்கியது இன்றைக்குப் பொக்கிஷம்.

ஆகவே அன்பர்களே, பரணில் பழைய கேசட் கிடந்தால் காயலான் கடைக்குப் போடும் முன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். மேல்விளிம்பில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் மடலை முதலில் உடைத்துவிடுங்கள்; தவறிக்கூட மேலே பதிவாகாது. நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், டேப் ரிக்கார்டரின் ஹெட்டைத் துடைத்துவிட்டு, பேரப்பிள்ளைகளைக் கொண்டு கணினியில் ஏற்றுங்கள். எம்பி3 மட்டும் போதாது. ஒலியைச் சுருக்காத வேவ் கோப்பாகவும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல், விளம்பரம், நேரம் சொல்வது எதையும் வெட்ட வேண்டாம். நாளும் நிகழ்ச்சியும் நினைவிருந்தால் எழுதி வையுங்கள். இலங்கைத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் போன்றவர்களுக்கு ஒரு பிரதி தரலாம்.

குரலைக் கேட்டதும் இது ராஜா, இது ஹமீத் என்று பெயர் சொல்லக்கூடியவர்கள் நாம்தான். அடுத்த தலைமுறைக்கு அது யாரோ ஒருவர் பேசுவதாகத்தான் கேட்கும். நாம் இருக்கும்போதே கேசட்டின் மேல் பெயரை எழுதிவிட வேண்டும்.