தாய் இணைப்பைத் தேடி: ட்ரூபல் படிவத்தில் மெனு இடத்தேர்வின் வரலாறு

பெல்ஜியத்தின் டிரிஸ் பய்டார்ட் உருவாக்கி, 2001 சனவரியில் எவரும் எடுத்தாளும்படி வெளியிட்ட ட்ரூபல் என்னும் வலைத்தள மேலாண்மை மென்பொருளில், ஒரு பக்கத்தை எழுதுபவரே அது தளத்தின் மெனுவில் எங்கே அமர வேண்டும் என்பதையும் முடிவுசெய்யும் வகையில், உள்ளடக்கப் படிவத்திற்குள்ளேயே 'மெனு அமைப்புகள்' என்ற பகுதி இடம்பெற்றது. அதில் இணைப்பின் தலைப்பையும், எந்த இணைப்பின் கீழ் அது வர வேண்டும் என்பதைக் குறிக்கும் தாய் இணைப்பையும், உடன்பிறப்பு இணைப்புகளுக்கிடையே வரிசையை நிர்ணயிக்கும் 'எடை' என்ற எண்ணையும் தர வேண்டியிருந்தது. எண் சிறியதாயின் இணைப்பு மேலேறும், பெரியதாயின் கீழிறங்கும். அருகிலுள்ள இணைப்புகளின் எடைகள் படிவத்தில் தெரியாமையால், எழுதுபவர் எண்ணை ஊகித்து இட்டுச் சேமித்தபின், தளத்தைத் திறந்துதான் விளைவைக் காண முடிந்தது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுக்கென ஒரு தளம் அமைப்பதாகக் கொண்டால் இதன் சுமை விளங்கும். மாவட்டம், அதன் கீழ்ப் பள்ளி, பள்ளியின் கீழ் வரலாறு, ஆசிரியர்கள், நிகழ்ச்சிகள் என விரியும் மெனு முழுவதும், படிநிலையைச் சிறு கோடுகளால் மட்டுமே காட்டும் ஒரே நீண்ட கீழ்விரி பட்டியலாகத் தோன்றும். 'வரலாறு' என்ற தலைப்பு பள்ளிக்கொரு முறை திரும்பத் திரும்ப வருவதால், எது குளுவாங் பள்ளியுடையது, எது சிகாமட் பள்ளியுடையது என அறிய மேலே உருட்டிச் சென்று தேட நேரும். 2008இல் மூவாரிலிருந்து இன்றைய தங்காக்கும், ஜொகூர் பாருவிலிருந்து இன்றைய கூலாயும் தனி மாவட்டங்களாகப் பிரிந்ததைப் போன்ற மாற்றம் வரும்போது, அப்பகுதிப் பள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் தாய் இணைப்பை மாற்ற வேண்டும்.

அதே 2008இல் வெளிவந்த ட்ரூபல் 6 இவ்விடமாற்றத்தை எளிதாக்கியது: மெனு மேலாண்மைப் பக்கத்தில் ஓர் இணைப்பைச் சுட்டியால் இழுத்து வேறிடத்தில் விட்டால், ஒன்பது நிலை ஆழம் என்ற வரம்புக்குள், அதன் கிளைகளும் உடன் சென்றன. இந்த வசதி உள்ளடக்கப் படிவத்தை எட்டாதது பெருங்குறை. மேலும், படிவத்தில் மெனுப் பகுதியைக் காண்பதற்கே மெனு மேலாண்மை உரிமை தேவைப்பட்டமையால், ஒரு பள்ளியின் பக்கத்தை மட்டும் எழுதுபவருக்கும் முழு மெனுவையும் மாற்றும் அதிகாரத்தை வழங்க வேண்டியதாயிற்று.

2008இல் மினசோட்டா பல்கலைக்கழகத்திலும் 2009இல் பால்டிமோர் பல்கலைக்கழகத்திலும், புதிய பயனர்கள் இம்மென்பொருளைக் கையாள்வதை நேரில் கவனிக்கும் சோதனைகள் நடைபெற்றன. அடுத்து, 2011 சனவரியில் வெளியான ட்ரூபல் 7இல், மெனு இணைப்பு வேண்டுமா என்று முதலில் கேட்கும் தேர்வுப்பெட்டி வந்தது. அதைக் குறியிட்டபின்பே மற்றப் புலங்கள் விரிந்தன, பக்கத்தின் தலைப்பே இணைப்பின் தலைப்பாகத் தானே நிரம்பியது. ஒவ்வொரு உள்ளடக்க வகைக்கும் எந்த மெனுக்கள் தோன்ற வேண்டும் என்பதையும் இயல்பான தாய் இணைப்பையும் தள நிர்வாகி முன்கூட்டியே வரையறுக்க முடிந்ததே இவற்றுள் மிகப் பயனுள்ளது எனலாம், ஏனெனில் அது பட்டியலையே குறுக்கியது. 2015இன் ட்ரூபல் 8 இப்பகுதியைப் படிவத்தின் பக்கப்பட்டைக்கு நகர்த்தியபோதும், நீண்ட பட்டியலும் எடை எண்ணும் அப்படியே நீடித்தன. முதலில் மாவட்டம், அதைத் தேர்ந்தபின் அம்மாவட்டத்துப் பள்ளிகள் என அடுத்தடுத்த பெட்டிகளாகப் பிரித்துக் காட்டும் முறையை, பெல்ஜியத்தின் விம் லீர்ஸ் உருவாக்கிய படிநிலைத் தேர்வுக் கூடுதல் நிரல் முன்னரே வழங்கியிருந்தும், ட்ரூபல் 8இன் மையத் தொகுப்பு அதனை ஏற்கவில்லை.