மூலமும் வாதாஷ்டீலையும்: சுசுருத சங்கிதையில் நோய் வேறுபாட்டு நெறி

மலக்குடலின் முன்சுவரை ஒட்டி ஆடவர்க்கு முன்னிற்குஞ் சுரப்பி (புராஸ்டேட்) அமைந்துள்ளது. இச்சுரப்பி பருத்தாலும், குதத்தின் குருதி நாளங்கள் புடைத்து மூலம் தோன்றினாலும் முக்குதல், அடிவயிற்றுப் பாரம் ஆகியன நேரக்கூடும். அருகமைந்த இவ்விரு நோய்களையும் பண்டை மருத்துவர் எவ்வாறு பிரித்தறிந்தனர் என்பதற்குச் சுசுருத சங்கிதை தக்க சான்றாக அமைகின்றது. காலந்தோறும் சேர்க்கைகள் பெற்று வளர்ந்த இந்நூலின் கி.பி. 878ஆம் ஆண்டைச் சார்ந்த சுவடியொன்று நேபாளத்தில் உள்ளது.

நிதானத்தானத்தின் 2ஆம் இயல் 'அர்சஸ்' எனப்படும் மூலநோயை விளக்குகின்றது. நோயைக் கூறுமுன் அது தோன்றும் இடத்தை வரையறுப்பது இவ்வியலின் சிறப்பாகும். குதம் நாலரை அங்குல நீளமுடையது. அதனுள் 3 மடிப்புகள் உள்ளன. அம்மடிப்புகளில் எழும் சதை முளைகளே மூலம் என்பது நூலின் கருத்து. அதன் வகைகள் 6 என வகுக்கப்பட்டுள்ளன.

உத்தரதந்திரத்தின் 58ஆம் இயல் சிறுநீர்த்தடை நோய்கள் 12ஐக் கூறுகின்றது. அவற்றுள் ஒன்று வாதாஷ்டீலை. மலவழிக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே வாயு தங்கிக் கல்லைப் போன்று இறுகிய, அசையாத, மேலெழுந்த கட்டியை உண்டாக்கும் என்றும், அதனால் மலம், சிறுநீர், வாயு மூன்றும் தடைப்படும் என்றும் கூறப்படுகின்றது. மலத்தடை உடன்கூறப்பட்டும் இந்நோய் மூல இயலில் வைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. அறிகுறியின் ஒப்புமையைவிட நோய் நிலைகொண்ட இடமே வகைப்பாட்டிற்கு அடிப்படையாயிற்று எனலாம்.

ஆய்வு முறையிலும் இவ்வேறுபாடு புலனாகின்றது. சிகிச்சைத்தானத்தின் 6ஆம் இயல் மூலத்தைக் காண்பதற்குப் பசுவின் முலைக்காம்பு வடிவிலான, 4 அங்குல நீளமுள்ள குழற்கருவியைக் கூறுகின்றது. 7ஆம் இயலோ சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றுங்கால் இடக்கை விரல்களைக் குதவழியே செலுத்திக் கல்லைக் கீழ்க்கொணரும் முறையை விவரிக்கின்றது. மென்மையான முளையைக் கண்ணாலும், குடற்சுவருக்கு அப்பாலுள்ள கடினப் பொருளை விரலாலும் அறியும் நெறி இதனால் பெறப்படுகின்றது. இன்றைய மருத்துவரும் உள்மூலத்தைக் குழற்கருவியால் கண்டும், முன்னிற்குஞ் சுரப்பியை விரலால் தொட்டும் அறிகின்றனர்.

எனினும், வாதாஷ்டீலையை முன்னிற்குஞ் சுரப்பியின் வீக்கமாகக் கொள்வது பிற்கால அறிஞர் கண்ட பொருத்தமே. மூலநூல் சுரப்பி எதனையும் குறிக்கவில்லை. வாயுவையே காரணமாகக் கூறுகின்றது. விரலாய்வையும் வாதாஷ்டீலைக்கு அது விதிக்கவில்லை. ஐரோப்பாவில் 1536இல் நிக்கோலோ மாசா இவ்வுறுப்பை விவரித்தார். 1761இல் வெளிவந்த மொர்காஞ்ஞியின் நூல் அதன் வீக்கத்தைப் பிணக்கூற்றாய்வின் வழிப் பதிவு செய்தது. இடத்தை அறிந்தமை வேறு. உறுப்பை அறிந்தமை வேறு. இவ்வெல்லையை மறந்து பண்டை நூலுக்குப் பெருமை சேர்ப்பது ஆய்வு நெறியாகாது.

தமிழ்ச் சித்த மருத்துவ மரபில் யூகி வைத்திய சிந்தாமணி மூலத்தை 21 வகையாக்குகின்றது. பவுத்திர மூலம், கிரந்தி மூலம் முதலியனவும் அதனுள் அடங்குதலின் 'மூலம்' என்னும் சொல் விரிந்த பொருளுடையதாயிற்று. பேச்சு வழக்கில் அப்பகுதியின் எத்துன்பமும் 'மூலம்' எனப்படுவதுண்டு. இது சொல்லாய்வோடு நின்றுவிடும் செய்தியன்று. சிறுநீர் தடைப்பட்டு மெலிந்தொழுகுதல், இரவில் பன்முறை கழித்தல் ஆகியவை மூலத்தின் குறிகளல்ல. மலத்தோடு வெளிப்படும் செங்குருதி சுரப்பி வீக்கத்தின் குறியன்று. அக்குருதியையும் ஆராயாது மூலமென்றே கொள்ளின் குடற்புற்று மறைந்துவிடக்கூடும். நாணத்தால் எல்லாவற்றையும் ஒரு பெயருக்குள் அடக்கும் முதியவர், சிறுநீர் முற்றும் அடைபட்ட பின்னரே மருத்துவரை நாட நேர்கின்றது.

பெயரிடுமுன் இடத்தை அறிதல் என்பதே சுசுருத சங்கிதையின் இவ்வியல்கள் உணர்த்தும் நெறியாகும். மருத்துவச் சுவடிகளைப் பதிப்பிப்போரும் கலைச்சொல் ஆக்குவோரும் நோய்ப்பெயர்களுக்கு நிகர்ச்சொல் தரும்போது இந்நெறியைக் கைக்கொள்ளுதல் இன்றியமையாதது.