குருதி கூறிய செய்தி

வடமாலபேட்டையில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலூர் அயலூர் அன்று. திருப்பதியில் ரயிலேறிப் பாகாலா, சித்தூர் கடந்து காட்பாடியில் இறங்கினால் வேலூர் அண்மையிலேயே இருக்கிறது. 1911-ஆம் ஆண்டுக்கு முன் நம் புத்தூர்ப் பக்கமும் வேலூரும் ஒரே வட ஆர்க்காட்டு ஜில்லாவில் அடங்கியிருந்தன. அந்த ஜில்லாவுக்குத் தலைநகராய் விளங்கியதும் சித்தூரே என்பதை இளைஞர் பலர் அறியார். எல்லைகள் பின்னர் எவ்வாறு மாறினும், தீராத நோய் என்றால் இப்பக்கத்தார் இன்றும் வேலூரையே நாடுகின்றனர். அவ்வூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் 1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் நிகழ்ந்த ஓர் இரத்தச் சோதனையின் வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறேன். அதன் அருமை விளங்க வேண்டுமாயின், சீரம் என்பது யாது எனச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும்.

இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைத்தால், சிறிது நேரத்தில் அது உறைந்து சிவந்த கட்டியாகும். அதனின்று வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர் பிரிந்து நிற்கும். அதுவே சீரம். நோய்க் கிருமி ஒன்று நம் உடலுள் புகுந்தால், உடல் அக்கிருமிக்கென்றே அளவெடுத்துச் செய்தாற்போன்ற ஒரு புரதப் பொருளை உண்டாக்கி இரத்தத்தில் விடுகிறது. இதனை எதிர்ப்பொருள் என்பர். ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டைத் திறவாதது போல, ஒரு நோய்க்கு எழுந்த எதிர்ப்பொருள் பெரும்பாலும் மற்றொரு நோய்க் கிருமியோடு பொருந்துவதில்லை. ஆகவே, சீரத்தில் எந்த எதிர்ப்பொருள் உள்ளது எனக் கண்டால், எந்தக் கிருமி வந்தது என ஊகிக்கலாம். இதில் ஒரு நுட்பம் உண்டு. சீரத்தைச் சோதிப்பவர் திருடனைக் காண்பதில்லை. அவன் கால்தடத்தைக் காண்கிறார். தடம் நேற்றுப் பதிந்ததா, நெடுநாட்களுக்கு முன் பதிந்ததா என்பது பார்த்த மாத்திரத்தில் புலப்படாது.

1896-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பெர்னாண்ட் விடால் என்ற மருத்துவர், டைபாய்டு நோயாளியின் சீரத்தை டைபாய்டுக் கிருமிகளோடு கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டித் திரள்வதைக் கொண்டு நோயை அறியலாம் எனக் காட்டினார். அவர் பெயரால் வழங்கும் சோதனைச் சீட்டு நம் வீடுகளில் எத்தனையோ இருக்கும். காய்ச்சல் கண்ட மறுநாளே அச்சோதனையைச் செய்துவிட்டு, ‘டைபாய்டு இல்லை’ என மகிழ்வோரும், ‘டைபாய்டுதான்’ என அஞ்சுவோரும் உண்டு. இருவரும் அவசரப்படுகின்றனர் என்பதே என் கருத்து. எதிர்ப்பொருள் பெருக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முன்னர் வந்துபோன நோயும், போட்டுக்கொண்ட ஊசியும் கூடத் தடம் விட்டுச் செல்லும். பத்து நாள் இடைவெளியில் இருமுறை இரத்தம் எடுத்து, எதிர்ப்பொருளின் அளவு ஏறுகிறதா எனக் காண்பதே பொருத்தமான முறை. இரத்தத்திலிருந்து கிருமியையே வளர்த்துக் காண்பது அதனினும் உறுதியானது.

1906-இல் பெர்லினில் வாசர்மன் மேகநோய்க்குச் சீரச் சோதனை கண்டார். 1971-இல் சுவீடனிலும் ஹாலந்திலும் தனித்தனியே ஆராய்ந்தோர் எலைசா என்னும் முறையை வகுத்தனர். சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றில், கிருமியின் புரதத்தை முன்னரே பூசி வைப்பர். குழியில் சீரத்தை இட்டால், பொருத்தமான எதிர்ப்பொருள் இருப்பின் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். இல்லையேல் கழுவும்போது போய்விடும். பற்றியிருப்பதை நிறத்தால் காட்டும் நொதி ஒன்றைப் பின்னர்ச் சேர்ப்பர். குழியில் நிறம் எழுந்தால் எதிர்ப்பொருள் உண்டு எனக் கொள்வர்.

1981-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எய்ட்ஸ் என்னும் புதிய நோய் கண்டறியப்பட்டது. 1985-இல் அதற்குரிய எலைசா சோதனை அங்கு நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டிலோ, அது மேல்நாட்டார் நோய், நம் ஒழுக்கம் நம்மைக் காக்கும் எனப் பலர் எண்ணியிருந்தனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியையாக இருந்த சுனிதி சாலமன் அவ்வாறு எண்ணவில்லை. தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம், தமிழ்நாட்டில் இந்நோய் உண்டா என ஆராயுமாறு கூறினார். நிர்மலாவுக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. இரு குழந்தைகளுக்குத் தாய். கட்டுப்பாடு மிக்க குடும்பத்திலிருந்து வந்தவர். முதலில் தயங்கினார். கணவர் ஊக்கப்படுத்தினார்.

பொதுமகளிரைத் தேடிச் சென்று, சென்னையில் அரசினர் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்தோரிடமும் இரத்தம் எடுத்தார். கையுறை கிடையாது. எதற்காக இரத்தம் எடுக்கிறார் என்பதையும் அவர் அப்பெண்களுக்குச் சொல்லவில்லை. வழக்கமான மேகநோய்ச் சோதனை என்றே அவர்கள் எண்ணினர். எண்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் சேர்ந்தன. பிரித்தெடுத்த சீரத்தை வைக்க வேறிடமின்றித் தம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்திருந்தார். அன்று சென்னையில் அச்சோதனைக்கு வசதி இல்லாமையால், கணவரோடு இரவு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சேர்ந்தார்.

அங்கு வைரஸ் துறைத் தலைவர் ஜேக்கப் ஜான், தம் உதவியாளர் ஜார்ஜ் பாபு, எரிக் சிமோஸ் ஆகியோரை இப்பணியில் அமர்த்தினார். காலையில் தொடங்கிய வேலை நண்பகலில் மின்சாரம் நின்றதால் தடைப்பட்டது. தேநீர் அருந்தித் திரும்பியபோது ஜார்ஜ் பாபு தட்டின் மூடியைத் திறந்து பார்த்தார், உடனே மூடினார். ஆறு குழிகளில் மஞ்சள் நிறம் எழுந்திருந்தது.

அவர்கள் அதனை உடனே ஊரறியச் சொல்லவில்லை. ஏன் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். ஒரு சோதனை நூற்றுக்கு ஒருமுறை தவறும் என்றும், ஆயிரம் பேரில் ஒருவருக்கே நோய் உண்டு என்றும் வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரையும் சோதித்தால், நோயுள்ள ஒருவரோடு நோயற்ற பத்துப் பேர் குழியிலும் நிறம் எழும். பதினொருவருள் உண்மை ஒருவரே. ஆகவே வேறு முறையால் உறுதிப்படுத்தாமல் எவரையும் நோயாளி என்றல் அறமன்று, அறிவுமன்று. அந்த ஆறு பெண்களிடம் மீண்டும் இரத்தம் எடுக்கப்பட்டது. சிமோஸ் அதனை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றார். கிருமியின் புரதங்களைத் தனித்தனிக் கோடுகளாகப் பிரித்து, எக்கோட்டோடு எதிர்ப்பொருள் பொருந்துகிறது எனக் காணும் வெஸ்டர்ன் பிளாட் சோதனை அங்கே நடந்தது. ஐயம் நீங்கியது. மே மாதத்தில் தமிழ்நாட்டுச் சுகாதார அமைச்சர் எச். வி. ஹண்டே சட்டமன்றத்தில் இச்செய்தியை அறிவித்தார்.

சோதனையில் தவறில்லை, பின்னர் நடந்தவற்றில் தவறு இருந்தது. காப்பகப் பெண்களுள் நோய்த்தடம் காணப்பட்டோர், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் விடுவிக்கப்படாமல் வைக்கப்பட்டனர். பெண் பத்திரிகையாளர் ஒருவர் வழக்குத் தொடுத்த பின்னரே, 1990-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. குருதியில் கண்ட ஒரு தடத்தை, குற்றத்திற்குச் சான்றாகக் கொண்டுவிட்டனர்.

நிர்மலா 1987-இல் தம் ஆய்வேட்டை அளித்தார். பின்னர் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் பணியாற்றி 2010-இல் ஓய்வு பெற்றார். சுனிதி சாலமன் 1993-இல் எய்ட்ஸ் நோயாளர்க்கெனச் சென்னையில் ஒரு நிலையம் கண்டார், 2015-இல் மறைந்தார். நம் நாட்டு விதிப்படி இன்று, ஒருவருக்கு இந்நோய் உண்டு என்று கூறுமுன் வெவ்வேறு வகையான மூன்று சோதனைகளில் எதிர்ப்பொருள் தென்பட வேண்டும். கிருமி புகுந்த முதற்சில வாரங்களில் எதிர்ப்பொருள் தோன்றாதாகையால், தென்படாதவரையும் தேவையானால் சில வாரங்கழித்து மீண்டும் வரச் சொல்வர். 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, எதற்கான சோதனை என விளக்கி இசைவு பெறாமல் எவர் இரத்தத்தையும் இதற்கெனச் சோதித்தலாகாது. முடிவைப் பிறரறியச் செய்தலும் ஆகாது.