லாரன்ஸ், ஜேம்ஸ் டங்கன் (1918–1994)

அமெரிக்க எழுத்தாளர். சிறுவர் சாகச நாவல்கள், வானொலி நாடகங்கள், நாளிதழ்ப் படக்கதைகள், கடைசியாகக் கணினி விளையாட்டுகள் என்று எழுதிக் குவித்தவர். நாவல்களில் பெரும்பகுதி இன்னொருவர் பெயரில் வெளிவந்தது. அந்த இன்னொருவரும் உயிருள்ள மனிதர் அல்லர். நிறுவனம் ஒன்று புனைந்து வைத்த வெறும் பெயர். படக்கதை உலகில் ஜிம் லாரன்ஸ் என்று அறியப்பட்டார். பிறந்தது மிச்சிகன் மாநிலத்து டெட்ராய்ட் நகரில். ராணி காமிக்ஸில் ஜேம்ஸ் பாண்டைப் படித்து வளர்ந்த தமிழ் வாசகர் பலர், யாரென்று தெரியாமலேயே இவரைப் படித்தவர்கள்.

அவருடைய கைப்பழக்கம் வானொலியில் உருவானது. 'கிரீன் ஹார்னெட்', 'சார்ஜென்ட் பிரஸ்டன்', 'ஸ்கை கிங்' முதலிய தொடர் நாடகங்களுக்கு எழுதினார். முதல் இரண்டும் டெட்ராய்ட் வானொலி நிலையத்தில் பிறந்தவை. வானொலியில் முகம் கிடையாது, இடம் கிடையாது. ஒரு கதவின் கிறீச்சொலி, பனியில் நாய்வண்டி இழுபடும் சத்தம், இரண்டு குரல்கள். யார், எங்கே, என்ன ஆபத்து என்பதை அதற்குள் கேட்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பகுதி முடியும்போது, அடுத்ததைக் கேட்காமல் இருக்க முடியாத இடத்தில் அவரை விட்டுவிட்டுப் போக வேண்டும். லாரன்ஸ் பிறகு தொட்ட எல்லாவற்றிலும் இந்த இரண்டு பாடங்களும் தெரிகின்றன.

1954இல் அவர் ஸ்ட்ராட்டமையர் சிண்டிகேட்டுக்கு எழுதத் தொடங்கினார். இந்த நிறுவனத்தைப் புரிந்துகொள்ளாமல் லாரன்ஸைப் புரிந்துகொள்ள முடியாது. எட்வர்ட் ஸ்ட்ராட்டமையர் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது அது. ஹார்டி பாய்ஸ், நான்சி ட்ரூ, பாப்ஸி ட்வின்ஸ், டாம் ஸ்விஃப்ட் எல்லாம் அங்கே உருவான தொடர்களே. கதைச்சுருக்கத்தை அலுவலகம் தட்டச்சு செய்து தரும். வெளியே இருக்கும் எழுத்தாளர் அதை முழு நாவலாக்கித் தர வேண்டும். கூலி ஒரே தொகை, விற்பனையில் பங்கு இல்லை. பெயர், உரிமை, எழுதியவர் யார் என்ற ரகசியம் மூன்றையும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட வேண்டும். எழுதியவர் விலகினாலும் இறந்தாலும் அட்டையில் இருக்கும் பெயர் தொடர்ந்து எழுதிக்கொண்டே இருக்கும். ஹார்டி பாய்ஸின் 'ஃப்ராங்க்ளின் டபிள்யூ. டிக்சன்', நான்சி ட்ரூவின் 'கரோலின் கீன்' இருவரும் இப்படி மூப்பே அடையாதவர்கள். லாரன்ஸ் வந்து சேர்ந்தபோது நிறுவனர் மறைந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. மகள் ஹாரியட் ஆடம்ஸ் தொழிலை நடத்திவந்தார்.

முந்தைய தலைமுறைச் சிறுவர்கள் படித்த டாம் ஸ்விஃப்ட் 1910இல் தொடங்கியவன். மோட்டார் சைக்கிள், விமானம் என்று புதுப்புது இயந்திரங்களோடு அலைந்தவன். அவனுடைய மகனை நாயகனாக்கி 1954இல் 'டாம் ஸ்விஃப்ட் ஜூனியர்' தொடர் வந்தது. 1971 வரை வெளியான 33 புத்தகங்களில் 24 லாரன்ஸ் எழுதியவை. அட்டையில் இருந்த பெயர் 'இரண்டாம் விக்டர் ஆப்பிள்டன்'. நிலத்தைக் குடையும் அணுசக்தித் துரப்பணம், கடலுக்குள் பாயும் ஹெலிகாப்டர், நிலம் நீர் ஆகாயம் மூன்றிலும் ஓடும் கார் என்று புத்தகத்துக்கு ஒரு கண்டுபிடிப்பு.

இவற்றை வெறும் மாயாஜாலம் என்று ஒதுக்குவது தவறு. 1955இல் வந்த விண்வெளி நிலையக் கதையில், சக்கர வடிவ நிலையம் ஒன்றை டாம் 22,300 மைல் உயரத்தில் நிறுத்துகிறான். அந்த எண் சும்மா வந்ததல்ல. அந்த உயரத்தில் சுற்றும் பொருள் பூமியின் ஒரே இடத்துக்கு மேல் அசையாமல் நிற்பதுபோல் இருக்கும், ஒலிபரப்பை அங்கிருந்து திருப்பி அனுப்பலாம் என்று அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1945இல் எழுதியிருந்தார். முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் ஏவப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே ஒரு சிறுவர் புத்தகம் அதைக் கதையாக்கிவிட்டது. கணக்கைக் காட்டிப் பயமுறுத்தாமல், சாப்பாட்டு மேசைப் பேச்சுபோல அதைச் சொல்லத் தெரிந்தது லாரன்ஸின் வலிமை.

இதே காலத்தில் 'தி கோஸ்ட் அட் ஸ்கெலிட்டன் ராக்' (1957) உள்ளிட்ட ஹார்டி பாய்ஸ் நாவல்கள் சிலவற்றையும், பின்னாளில் நான்சி ட்ரூ நாவல்களையும் எழுதினார். 'ஜாக் லான்சர்' என்ற பெயரில் 1967 முதல் 1969 வரை வந்த கிறிஸ்டோபர் கூல் என்னும் இளம் ஒற்றன் தொடரும் அவருடையதே. சொந்தப் பெயரில் வந்தவை குறைவு.

1966 ஜனவரியில் லண்டன் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழின் ஜேம்ஸ் பாண்ட் படக்கதை லாரன்ஸ் கைக்கு வந்தது. ஓவியர் யாரோஸ்லாவ் ஹோராக், சீனாவின் ஹார்பினில் பிறந்த ஆஸ்திரேலியர். முதல் கதை 'தி மேன் வித் தி கோல்டன் கன்'. பாண்டைப் படைத்த இயன் ஃப்ளெமிங் இறந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. மிச்சம் இருந்த மூலக்கதைகள் கொஞ்சம்தான், அவையும் படக்கதைக்கு எளிதில் இணங்காதவை. 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' நாவலை எடுத்துக்கொள்வோம். கதை சொல்பவள் விவியன் மிஷெல் என்ற பெண். கடைசி மூன்றில் ஒரு பங்கில்தான் பாண்ட் தலைகாட்டுகிறான். நாள்தோறும் பாண்டைத் தேடிப் பேப்பரைப் பிரிக்கும் வாசகரிடம் வாரக்கணக்கில் அவனைக் காட்டாமல் இருக்க முடியுமா? கனடாவில் ஸ்பெக்டர் கும்பலோடு பாண்ட் மோதும் ஒரு முழு முன்கதையை லாரன்ஸ் தாமே எழுதி முன்னால் வைத்தார். அந்த வேலை முடிந்து திரும்பும் வழியில்தான் பாண்ட் விவியன் இருக்கும் மோட்டல் கதவைத் தட்டுகிறான். மூலத்தின் சம்பவங்களும் கெடவில்லை; நாயகன் ஏன் அங்கே வந்தான் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. ஃப்ளெமிங்கின் கதைகள் தீர்ந்த பிறகு, பெரும்பாலும் தம் கற்பனையிலேயே பாண்டை 1980கள் வரை நடத்திச் சென்றார்.

நாளிதழ்ப் படக்கதை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று கட்டங்கள்தான். முதல் கட்டம் நேற்றுப் பேப்பர் பார்க்காதவருக்கும் புரிய வேண்டும், கடைசிக் கட்டம் நாளைக்கு இழுக்க வேண்டும். நடுவில் இருக்கும் விரலளவு இடத்தில் கதை நகர வேண்டும். வானொலியில் பழகிய கைக்கு இது புதிதல்ல. ஹோராக்கின் அடர்ந்த கருநிழல்களும் வெட்டிப் பாயும் கோணங்களும் அந்த அவசரத்துக்குப் பொருந்தின. 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்தபோது, தினசரிக் கட்டங்கள் ஒரே மூச்சில் படிக்கும் கையடக்கப் புத்தகங்களாயின.

1970 ஜனவரியில் பார்சலோனா ஓவியர் ஹோர்கே லாங்கரோனுடன் சேர்ந்து 'ஃப்ரைடே ஃபாஸ்டர்' தொடரைத் தொடங்கினார். நாயகி ஒரு கறுப்பினப் பெண். புகைப்படக்காரரிடம் உதவியாளராகச் சேர்ந்து, ஃபேஷன் உலகத்தோடு உலகம் சுற்றுபவள். அமெரிக்காவின் பெரிய நாளிதழ்களுக்குப் படக்கதை வழங்கும் நிறுவனம் ஒன்று கறுப்பினப் பெண்ணைத் தலைப்பு நாயகியாக்கியது இதுவே முதல்முறை. லாரன்ஸ் எழுதியவற்றில் துணிச்சலானது இதுதான். 1974இல் தொடர் நின்றது. அடுத்த ஆண்டு பாம் கிரியர் நடிக்கத் திரைப்படமானது. பின்னர் 'பக் ரோஜர்ஸ்', 'டாலஸ்' படக்கதைகளுக்கும் எழுதினார்.

சிண்டிகேட்டின் ரகசியம் 1980இல் நியூயார்க் நீதிமன்றத்தில் நடந்த பதிப்புரிமை வழக்கில் பொதுவெளிக்கு வந்தது. பிறகு அதன் ஆவணங்கள் நியூயார்க் பொது நூலகத்துக்குச் சென்றன. எந்தப் புத்தகத்தை யார் எழுதினார் என்று இன்று சொல்ல முடிவது அந்தக் காகிதங்களால்தான். 

லாரன்ஸின் பிற்காலப் பணி இன்ஃபோகாம் நிறுவனத்துக்கு, ஸ்டூ கேலியுடன் சேர்ந்து செய்த இரண்டு கணினி விளையாட்டுகள். படமே இல்லாமல் எழுத்தால் மட்டும் நடப்பவை. 1986இல் வந்த 'மூன்மிஸ்ட்' கார்ன்வால் கோட்டை ஒன்றில் பேயைத் துப்பறியும் கதை. நான்சி ட்ரூவின் வாசனை அதில் வீசும். 1984இல் வந்த 'சீஸ்டாக்கர்' டாம் ஸ்விஃப்ட்டின் கடல் சாகசங்களுக்கு நேர் வாரிசு. நீர்மூழ்கியில் ஏறி, ஆழ்கடல் ஆய்வுக்கூடத்தைத் தாக்கும் ராட்சத ஜந்துவை எதிர்கொள்ள வேண்டும். தொடக்கத்திலேயே அது விளையாடுபவரின் பெயரைக் கேட்கும். தட்டச்சு செய்ததும், நாயகன் பெயரையும் கண்டுபிடிப்பின் பெயரையும் சேர்த்த பழைய டாம் ஸ்விஃப்ட் தலைப்புகளின் அதே வாய்பாட்டில் கதைத் தலைப்பில் அந்தப் பெயர் ஏறிக்கொள்ளும். இந்த முறை எழுதியவர்களாக அச்சிடப்பட்டவை ஸ்டூ கேலி, ஜிம் லாரன்ஸ் என்ற உண்மைப் பெயர்கள்.