மிருதங்கத்தின் கருவட்டம்



பினாங்கில் தைப்பூசத்திற்கு முதல் நாள், பினாங்கு வீதியிலுள்ள கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் தண்ணீர்மலை நோக்கிப் புறப்படும். வீதி முனையில் இரதம் கண்ணுக்குத் தெரியுமுன்பே தவிலோசை நம் காதுக்கு வந்துவிடும். அது எப்படி வருகிறது?

அடிபட்ட தோல் முன்னும் பின்னுமாக அதிர்கிறது. அதிரும் தோல் பக்கத்துக் காற்றைத் தள்ளுகிறது. அந்தக் காற்று அடுத்த காற்றைத் தள்ளுகிறது. வரிசையில் நிற்கும் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையைத் தள்ளினால், அவன் இடத்தில் அவன் நிற்க, தள்ளல் மட்டும் முதற் பிள்ளைவரை போய்ச் சேருகிறதல்லவா? அதுபோலத்தான் ஒலியலையும். நம் நாட்டு வெப்பத்தில் அது நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடும். தூரத்தில் மரம் வெட்டுபவரின் கோடரி விழுவதை முதலில் பார்த்து, ஓசையைப் பிறகு கேட்பது இதனால்தான்.

நொடிக்கு எத்தனை அதிர்வு என்பதே சுருதி. அதிர்வு மிகுந்தால் சுருதி உயரும். ஆனால் எந்த வாத்தியமும் ஒரே ஓர் அதிர்வோடு நிற்பதில்லை. நொடிக்கு 100 முறை அதிரும் வீணைத் தந்தி, அதே நேரத்தில் 200, 300, 400 என்றும் அதிர்கிறது. இவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று முழு மடங்குகளாக இருப்பதால் காதுக்கு இனிமையாகச் சேருகின்றன. வட்டமாக இழுத்துக் கட்டிய வெறுந்தோல் அப்படியன்று. அது 100 என்று அதிர்ந்தால், கூடவே 159, 214, 230 என்று ஒன்றுக்கொன்று பொருந்தாத அதிர்வுகளும் எழும். ஆகவே தோற்கருவிகள் இசைக்குக் குறையுள்ளவை என்றே ஒலி நூலறிஞர்கள் எண்ணியிருந்தனர்.

இந்த எண்ணத்தை மாற்றியவர் ஒரு தமிழர். திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. இராமன், 1907 முதல் கல்கத்தாவில் அரசாங்க நிதித்துறை அதிகாரியாக இருந்தார். அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் கிடைத்த நேரத்தில் அங்கிருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஒளியைப் பற்றிய ஆய்வுக்காக 1930இல் நோபல் பரிசு பெற்றதை நாம் அறிவோம். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1920இல், சிவகாளி குமார் என்பவருடன் சேர்ந்து மிருதங்கம், தபேலா பற்றி 'நேச்சர்' ஏட்டில் அவர் எழுதினார். பின்னர் பெங்களூரில், மென்மணலைத் தோலின்மேல் தூவித் தட்டச் செய்து பார்த்தார். அதிரும் இடத்திலிருந்து மணல் துள்ளி விலகி, அசையாத கோடுகளில் போய்த் தங்கியது. எந்த அடிக்குத் தோல் எப்படி அதிர்கிறது என்பது கண்ணுக்கே தெரிந்தது.

அவர் கண்டது என்ன? மிருதங்கத்தின் வலந்தலையில் உள்ள கருவட்டமே சூட்சுமம். இரும்புச் சத்துள்ள கரிய கல்லைப் பொடித்து, சோற்றோடு பிசைந்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்து ஏற்றியது அது. முதல் அதிர்வில் தோலின் நடுப்பகுதியே மிகுதியாக அசைகிறது. நடுவில் பாரம் ஏறவே, அந்த அதிர்வு நன்கு தணிகிறது. இரண்டாம் அதிர்விலோ நடுக்கோடு அசைவதில்லை. ஆகவே பாரம் அதை அவ்வளவாகத் தணிப்பதில்லை. இதனால் 159 என்று நின்ற கணக்கு இரண்டு மடங்காகிவிடுகிறது. மற்றவையும் இவ்வாறே ஒழுங்குபட்டு, ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து இசைந்த சுரங்களில் அடங்குகின்றன. தோல், தந்தியைப் போலப் பாடுகிறது!

இந்தக் கணக்கை இராமன் விளக்கினார். ஆனால் வாத்தியத்தை அமைத்தவர்கள் ஏடு பிடிக்காத தொழிலாளிகள். ஒரு பூச்சு ஏற்றி, தட்டிக் கேட்டு, குறையிருந்தால் தேய்த்து, மீண்டும் ஏற்றி, காதையே கருவியாகக் கொண்டு கண்டுபிடித்தவர்கள். தோலைத் தொட்டு வேலை செய்ததற்காகவே ஒதுக்கி வைக்கப்பட்ட குடும்பத்தினர் அவர்களில் பலர். 1939இல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வரும்வரை, அவர்கள் செய்த மிருதங்கம் நுழைந்த கோயில்களில் அவர்கள் நுழைய முடியவில்லை. கருவட்டத்தை முதன்முதல் ஏற்றியவர் யார் என்று எந்த ஏடும் சொல்லவில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகளோடு ஒரு சோதனை செய்து பாருங்கள். காலிப் பால்மாவு டின்னின் வாயில், வெட்டிய பலூனை இறுக்கிக் கட்டுங்கள். மேலே கொஞ்சம் சீனி தூவி, டின்னைத் தொடாமல், பக்கத்தில் ஒரு தட்டை ஓங்கித் தட்டுங்கள். சீனி துள்ளும், காற்றில் அலை வந்ததற்கு அதுவே சாட்சி. பிறகு சீனியை உதறிவிட்டு, பலூனின் நடுவில் பிசைந்த மாவைச் சிறிது ஒட்டி விரலால் தட்டுங்கள். ஓசை தணியும். அந்தப் பெயர் தெரியாத தொழிலாளி செய்த முதற் சோதனையும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.