தேன்சிட்டுகளை அதிவேக பிளாஷில் படமெடுத்தல் (கூலிம்)

பூவின் முன் சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும் சிறு பறவையை, இறகு ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரியும்படி பதிவு செய்யும் முறை இது. இதில் அசைவை நிறுத்துவது கேமராவின் ஷட்டர் அன்று; ஒரு விநாடியில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும் பிளாஷ் ஒளி. அமெரிக்கக் கண்டங்களின் ஓசனிச்சிட்டுப் படங்கள் வழியாகவே இம்முறை உலகப் புகழ் பெற்றது. ஏறத்தாழ 360 இனங்கள் கொண்ட அந்தப் பறவைக் குடும்பம் அக்கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக எங்கும் இல்லை. மலேசியாவின் தென் கெடாவிலுள்ள கூலிம் மாவட்டத்தில் பூத்தேனை உண்டு அதே வேலையைச் செய்பவை தேன்சிட்டுகளும் அவற்றின் உறவான சிலந்திபிடிப்பான்களும்தான். இன்று வீட்டு வாசல்களில் நிற்கும் ஹெலிகோனியாக்களில் பலவும் ஓசனிச்சிட்டின் தாயகத்திலிருந்து வந்தவை என்பது இங்கே நினைக்கத்தக்கது.

கூலிம், லூனாஸ், பாடாங் செராய் வட்டாரத் தோட்டக் குடியிருப்புகளிலும் தாமான் வீடுகளிலும் அதிகம் காணப்படுவது மஞ்சள் வயிறும் கருநீலத் தொண்டையும் கொண்ட ஒலிவ முதுகுத் தேன்சிட்டு. தென்னை நிற்கும் இடங்களில் பழுப்புத் தொண்டைத் தேன்சிட்டு வரும். காட்டோரங்களில் செந்தேன்சிட்டைப் பார்க்கலாம். சுங்கை செடிம் பக்கத்துக் காட்டு வாழைப் பூக்களைத் தேடி நீண்டு வளைந்த அலகுடன் சின்னச் சிலந்திபிடிப்பான் வருகிறது. அது தன் கூட்டையே வாழை இலையின் அடிப்பக்கத்தில் தைத்துக்கொள்ளும்.

ஓசனிச்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் இம்முறையைக் கையாண்டால் ஏமாற்றமே மிஞ்சும். ஓசனிச்சிட்டின் சிறகு தோளில் சுழன்று, மேலே போகும்போதும் உடலைத் தூக்குகிறது. அதன் எடையில் ஏறத்தாழ கால் பங்கை அந்த மேல்வீச்சே தாங்குகிறது. சிறிய இனங்கள் விநாடிக்கு 50 முறைக்கு மேலும் சிறகடிக்கும். தேன்சிட்டு மற்றச் சிட்டுகளைப் போல மேல்வீச்சில் சிறகை மடக்கிக்கொள்வதால் அந்தரத்தில் நிற்பது அதற்குப் பெரும்பாடு. ஓரிரு விநாடி நின்றுவிட்டு அருகிலுள்ள காம்பில் அமர்ந்துவிடும். செம்பருத்தியிடம் வந்தால் பூவின் முகப்புக்கே போகாமல், புல்லியின் அருகே தொற்றிக்கொண்டு இதழ்களின் அடியை அலகால் துளைத்துத் தேனை எடுத்துவிடுவதும் உண்டு. ஆகவே பூவைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. காலூன்ற இடம் தராமல் தனித்து நீட்டிக்கொண்டிருக்கும் பூங்கொத்தே ஏற்றது.

பிளாஷ் செயல்படும் விதம்

கையடக்க பிளாஷில், மின்தேக்கியில் சேர்ந்த மின்சாரம் செனான் வாயுக் குழாய் வழியே பாய்ந்து ஒளிர்கிறது. முழு ஆற்றலில் அது சுமார் 1/1000 விநாடி நீடிக்கும். ஆற்றலைக் குறைத்தால் ஒளி மங்குவதில்லை, ஐ.ஜி.பி.டி. என்னும் மின்னணுச் சாவி ஓட்டத்தை நடுவிலேயே துண்டிப்பதால் நேரம்தான் சுருங்குகிறது. நிக்கான் எஸ்.பி.-800 பிளாஷில் 1/16 ஆற்றலில் 1/10,900 விநாடி, 1/32இல் 1/17,800, 1/128இல் 1/41,600 விநாடி. இத்தகைய சாவிகளை உள்ளடக்கிய மின்னாற்றல் சில்லுத் துறையில் கூலிமுக்கும் இடமுண்டு: 1996இல் திறக்கப்பட்ட உயர் தொழில்நுட்பப் பூங்காவில் 2006 முதல் இன்ஃபினியோன் ஆலை அச்சில்லுகளைத் தயாரித்து வருகிறது.

சிறகு நுனி விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வீசுவதாகக் கொள்வோம். 1/2000 விநாடியில் அது 4 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். படத்தில் சிறகு புகைபோலத் தெரியும். 1/20,000 விநாடியில் நகர்வு 0.4 மில்லிமீட்டர்தான்.

குறுகிய ஒளி என்றால் குறைந்த ஒளி. வழிகாட்டி எண் (தூரத்தையும் துளை எண்ணையும் பெருக்கினால் வருவது; பிளாஷின் வலிமையைக் குறிக்கும்) 40 உள்ள பிளாஷ் 1/32 ஆற்றலில் 7 ஆகிவிடும். ஐ.எஸ்.ஓ. 400இல் அது 14; எஃப்/11 துளைக்குப் பறவையிலிருந்து பிளாஷ் ஒன்றேகால் மீட்டரில் இருந்தாக வேண்டும். அதனால்தான் மூன்று நான்கு பிளாஷ்களைப் பூவைச் சுற்றி நிறுத்துகிறார்கள். பின்புலத்துக்கும் ஒரு பிளாஷ் தேவை. இல்லையென்றால் பகலில் எடுத்த படமும் நள்ளிரவுபோல் கறுத்துவிடும்.

பெரும்பாலான கேமராக்களில் பிளாஷுடன் 1/200 அல்லது 1/250 விநாடி ஷட்டர்தான் ஒத்துப்போகும். அந்த நேரத்துக்குள் சூரிய ஒளியும் புகுந்தால் தெளிவான சிறகின் மேல் கலங்கலான இன்னொரு சிறகு விழும். எனவே பிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும். அது கறுப்பாக வந்தால்தான் அமைப்பு சரி. ‘ஹைஸ்பீட் சிங்க்’ என்ற வசதி பெயரால் பலரை ஏமாற்றுகிறது. அதில் பிளாஷ் தொடர்ந்து துடித்து ஒளியை நீட்டிப்பதால் அசைவை நிறுத்தும் வேலை மறுபடியும் ஷட்டரிடமே போய்விடும். 2023இல் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9 III கேமராவின் முழுப்பரப்பு மின்னணு ஷட்டர், பிளாஷுடன் ஒத்துப்போகும் ஷட்டர் வேகத்துக்கு இருந்த தடையை நீக்கியது. ஆனால் விலை சாதாரணருக்கு எட்டாதது.

தேன்சிட்டின் தொண்டைப் பளபளப்பு இறகின் நுண்ணமைப்பால் வருவது, கோணத்துக்குக் கட்டுப்பட்டது. பக்கவாட்டிலிருந்து மட்டும் ஒளி விழுந்தால் கருநீலம் வெறும் கறுப்பாகிவிடும். லென்ஸுக்குச் சற்று மேலே ஒரு பிளாஷ் இருந்தால்தான் நிறம் ஒளிரும். செந்தேன்சிட்டின் சிவப்பு நிறமியால் வருவதால் அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

வரலாறு

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஹெரால்டு எட்ஜர்டன் 1930களில் ஸ்ட்ரோப் ஒளியை உருவாக்கி ஓசனிச்சிட்டுகளைப் பதிவு செய்தார். 1947இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் அவரது படங்களை வெளியிட்டது. டூபாண்ட் நிறுவனத் தலைவராக இருந்த கிராஃபோர்டு கிரீன்வால்ட் 1960இல் வெளியிட்ட ஓசனிச்சிட்டு நூல் இத்துறையில் இன்றும் பேசப்படுகிறது. மலாயாவில், கோலாலம்பூரில் பிறந்த திரைத்துறை அதிபர் லோக் வான் தோ (1915–1964) பறவைப் படக்கலையை வளர்த்தார். அவரது பறவை நூல் 1957இல் வந்தது. தமிழர்களில், தஞ்சையில் பிறந்து பெங்களூரில் வாழ்ந்த டி. என். ஏ. பெருமாள் (1932–2017) காட்டுயிர்ப் படக்கலையில் உலக அளவில் பெயர் பெற்றவர்.

கூலிமில் களம்

இங்குள்ள பெரிய வசதி நிழல். குனோங் ஈனாஸ் காட்டின் ஓரமான சுங்கை செடிமிலும் ஊலு பாய்ப்பிலும் மரக்கூரையின் கீழ் பகலிலேயே சூரிய ஒளியை எளிதில் அடக்கிவிடலாம். செடிமில் ஏறத்தாழ 950 மீட்டர் நீளமுள்ள மரமுகட்டு நடைபாதை இருக்கிறது. பறவைகளைக் கண்டறிய நல்ல இடம், ஆனால் பிளாஷ்களைப் பரப்பி நிறுத்தும் இடமன்று. செம்பனைத் தோப்பை விட வீட்டுப் பின்புறத்துச் செடிகளே பலன் தரும். கோஸ்டாரிகாவிலும் எக்குவடோரிலும் சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி தொங்கவிட்டு ஓசனிச்சிட்டை வரவழைப்பது வழக்கம். கூலிமில் அது தேவையே இல்லை. தேன்சிட்டு தினமும் வரும் ஒரு பூங்கொத்தைப் பார்த்து வைத்து, குவியத்தை முன்கூட்டியே அதில் நிறுத்தி, பறவை பிளாஷ் தாங்கிகளுக்குப் பழகும்வரை படமெடுக்காமல் காத்திருப்பதே சிறந்த வழி. பிற்பகல் மழைக்கு முன் கருவிகளை மூடிவிட வேண்டும்.

ஒலிவ முதுகுத் தேன்சிட்டு வாசல் கம்பியிலும் பூந்தொட்டிச் செடியிலும் பை போன்ற கூட்டைத் தொங்கவிடும். கட்டுவது பெட்டை, உள்ளே பெரும்பாலும் இரண்டு முட்டைகள் இருக்கும். கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதாலேயே அங்கு பிளாஷை வைக்கப் பலருக்கு ஆசை வருகிறது. கூட்டருகே பிளாஷ் வேண்டாம்; மறைக்கும் இலையை ஒதுக்கினால்கூட அது எதிரிகளின் கண்ணுக்கு வழிகாட்டிவிடும். குஞ்சுகள் பறந்து போகும்வரை கூட்டைத் தனியே விட்டுவிட்டுப் பூவின் அருகில் காத்திருங்கள்.