லைசென்ஸ் புத்தகமும் கேட்பவன் என்கிற பிரஜையும்

ஆலங்காயத்தில் எங்கள் வீட்டு டிரங்குப்பெட்டியில் அப்பாவின் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இன்னும் கிடக்கிறது. உள்ளங்கை அகலம். வருஷத்துக்குப் பதினைந்து ரூபாய் தபாலாபீஸில் கட்டி ஒட்டவைத்த ஸ்டாம்புகள், மேலே முத்திரை. நடுவில் ஒரு வருஷம் மட்டும் வெற்றுப்பக்கம். அம்மாவைக் கேட்டேன். "அந்த வருஷம் மழை இல்லடா. இன்ஸ்பெக்டர் வராருன்னு யாராவது சொன்னா ரேடியோவ சாக்குல சுத்தி குதிருக்குள்ள எறக்கிடுவாரு" என்றாள்.

இந்த வெற்றுப்பக்கத்துக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. 1927-இல் தொடங்கிய இந்தியன் பிராட்காஸ்டிங் கம்பெனி என்ற தனியார் நிறுவனம் பத்து ரூபாய் லைசென்ஸ் கட்டணத்தில் தனக்கு வந்த எண்பது சதவீதத்தை நம்பியிருந்தது. கட்டாமல் கேட்டவர்கள் ஏராளம். 1930-இல் கம்பெனி மூழ்கியது. சர்க்கார் கற்றுக்கொண்ட பாடம் 1933-ஆம் வருஷத்து இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம். கேட்பதை நிரூபிப்பது கடினம். ஆகவே கருவியை வைத்திருப்பதே குற்றமாக்கப்பட்டது. முதல் தடவை நூறு ரூபாய் வரை அபராதம். ஒருவரின் கட்டுப்பாட்டிலுள்ள இடத்தில் கருவி இருந்தால் அது அவர் வசம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கலாம். குதிரும் அந்த 'இட'த்தில் அடக்கம்தான், அப்பாவுக்கு இது தெரியாது.

அதிகாரம் விளிக்கும்போது திரும்பிப் பார்ப்பவன் பிரஜையாகிறான் என்று அல்தூசர் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம். லைசென்ஸ் வாங்கியவன் 'கேட்பவன்' என்ற எண்ணிக்கைக்குள் வருகிறான். பஞ்சாயத்து ரேடியோவின் கீழே துண்டை விரித்து உட்கார்ந்தவர்களும், சந்தைக்கு இறங்கிவந்து டீக்கடை வாசலில் நின்று கேட்டுவிட்டுப்போன ஜவ்வாது மலைக்காரர்களும் தனித்தனிக் கேட்பவர்களாக எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை. ஆக, லைசென்ஸ் வரி மட்டுமல்ல, யாருடைய காது கணக்கில் வரும் என்பதற்கான வரையறையும்கூட.

1980-களின் நடுவில் ரேடியோ, டி.வி. லைசென்ஸ்கள் ஒழிந்தன. சர்க்காரின் தாராளம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1967-இல் விவித பாரதியிலும் 1976-இல் தூர்தர்ஷனிலும் விளம்பரம் நுழைந்தாயிற்று. பார்ப்பவன் கட்டணம் கட்டுகிறவனாக இருந்தது போய், விளம்பரதாரருக்கு விற்கப்படுகிற சரக்காக மாறிய இடப்பெயர்ச்சி இது. 2006-இல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தபோது இங்கே பெட்டி ஓசி, கேபிள் காசு. மாதாமாதம் வசூலுக்கு வந்தவர் கையில் இன்ஸ்பெக்டரின் அதிகாரம் இல்லை, வயரைப் பிடுங்கும் அதிகாரம் இருந்தது.

பிரிட்டனில் லைசென்ஸ் இன்னும் உண்டு. 2016 செப்டம்பரிலிருந்து ஐபிளேயரில் பி.பி.சி. நிகழ்ச்சியைப் பார்க்கவும் அது வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் படம் மட்டும் பார்ப்பவனுக்கு வேண்டாம். ஜெர்மனி 2013-இல் கருவியையே விட்டுவிட்டு, வீட்டுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தது. குதிருக்குள் ஒளிக்க அங்கே இனி எதுவுமில்லை, வீட்டையா ஒளிப்பது?

நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை என்று சொல்வது சௌகரியம். ஆனால் ஓடிடி சந்தாவில் பதினெட்டு சதவீதம் ஜி.எஸ்.டி. போகிறது, டேட்டா ரீசார்ஜிலும் போகிறது. நாம் எதை, எத்தனை நிமிஷம் பார்த்தோம், எங்கே நிறுத்தினோம் என்பதையெல்லாம் செயலியே குறித்துக்கொள்கிறது. மறுபுறம், 2024 நவம்பரில் பிரசார் பாரதி 'வேவ்ஸ்' என்று தன் ஓடிடியைத் திறந்தது. பொது ஒலிபரப்புக்கு யார் பணம் தருவது, தருகிறவனுக்கு என்ன உரிமை என்ற விவாதம் மட்டும் இங்கே பெரிதாக நடக்கவில்லை. லைசென்ஸை மறுபடி கொண்டுவரச் சொல்லவில்லை நான். குதிருக்குள் ரேடியோவை இறக்கியவனின் மகன் அதைச் சொல்லமாட்டான்.

போனில் பழைய பாட்டு கேட்கிற அம்மாவிடம் சந்தா கட்டியிருப்பதைச் சொன்னேன். "புக்கு குடுத்தாங்களா?" என்றாள். சிரித்துவிட்டேன், பிறகுதான் உறைத்தது. அப்பாவின் புத்தகத்துக்குள் மடித்துவைத்த ஒரு கார்டு நகல் உண்டு. ராத்திரியில் சென்னை நிலையம் மலைமறைவில் இரைகிறது, ஆவன செய்யவும் என்று எழுதியிருக்கிறார். தன் பெயருக்கும் மேலே, முதல் வரியில், லைசென்ஸ் நம்பர்.